‘எழுதிக் கொடுத்துவிட்டுப் போ’ என்கிறார் மேலாளர்

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கோரத்தில், வீட்டிலும் கடைவீதியிலும் தமிழே பேசப்படும் ஓர் ஊரிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 31. கஞ்சிக்கோட்டில் பேக்கேஜிங் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான்கு ஆண்டு ஏழு மாதமாக வேலை செய்கிறார். பதவியின் பெயர் ‘சீனியர் எக்சிகியூட்டிவ்’. மாதச் சம்பளம் 20,500 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 13,000. ஓராண்டுக்கு முன்பு வந்த புதிய மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் திட்டுகிறார், தமிழரை இழிவுபடுத்தும் ‘பாண்டி’ என்ற சொல்லால் அழைக்கிறார், கேட்ட விடுப்பைத் தருவதில்லை, பஞ்ச் செய்து வெளியேறியதாகப் பதிவான பிறகும் உட்காரவைத்து ரிப்போர்ட் எழுத வைக்கிறார். அச்சுப் பிழையோடு ஒரு லாட் வெளியே போனதற்கு மூன்று வாரம் முன்பு மெமோ கொடுத்து, மலையாளத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். அதன் பிறகு தினமும், ‘எழுதித் தந்நிட்டு பொய்க்கோ’ (ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போ) என்ற ஒரே பல்லவி. கம்பெனி பஸ் எலப்புள்ளியைத் தாண்டும்போதே வயிற்றைப் பிசைகிறது, இரவில் தூக்கம் இல்லை என்கிறார். நாளையிலிருந்து போகாமல் நின்றுவிடலாமா, மன உளைச்சல் தடுப்புச் சட்டத்தின் கீழ் போலீசில் புகார் கொடுக்கலாமா, பேச்சை ரெகார்டு செய்யலாமா என்பவை அவருடைய கேள்விகள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் ஒன்பது பக்கம். அதில் ஏழு பக்கம் அந்த மேலாளர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைச் சொல்கிறது. அவர் என்னென்ன செய்தார் என்பது மீதி இரண்டு பக்கத்தில் அடங்கிவிடுகிறது. உங்கள் வேதனைக்கு அந்த ஏழு பக்கமும் போதாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தொழிலாளர் அலுவலகத்தின் மேசைமீதும் தீர்ப்பாயத்தின் முன்னாலும் செல்லுபடியாகப் போவது அந்த இரண்டு பக்கம்தான் என்பதால், இந்தப் பதில் முழுவதையும் அவற்றைச் சுற்றியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். உறவினர் சொன்னதாக நீங்கள் குறிப்பிடும் ‘மன உளைச்சல் தடுப்புச் சட்டம்’ என்று ஒன்று நம் நாட்டில் இல்லை. வேலையிடத்தில் மேலதிகாரி சிடுசிடுப்பாக இருப்பதையோ, பாராட்ட வேண்டிய இடத்தில் குறை சொல்வதையோ குற்றமாக்கும் தனிச் சட்டம் எதுவும் கிடையாது. ‘பாண்டி’ என்ற வசவுக்கும் அப்படியே. மதுரையை ஆண்ட அரச மரபின் பெயர் எல்லை தாண்டியதும் எப்படி வசவாயிற்று என்பது வேறு கதை. அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனால், ‘இது கம்பெனி விவகாரம், அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதி முடிப்பார்கள். அப்படி முடித்துவைத்த தாள் ஒன்று இருப்பது பிற்பாடு உங்கள் எதிர்த் தரப்புக்குத்தான் உதவும். அடிப்பதாகவோ கெடுதல் செய்வதாகவோ மிரட்டியிருந்தால் மட்டும் நிலைமை வேறு. அப்போது தயங்காமல் காவல் நிலையம் போகலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

மேலாளரின் குணத்துக்குச் சட்டம் இல்லையென்றாலும், அந்தக் குணம் உங்கள் கூலியையும் விடுப்பையும் பணிப்பதிவையும் தொடும் ஒவ்வோர் இடத்திலும் சட்டம் இருக்கிறது. பஞ்ச் அடித்த பிறகு செய்த வேலைக்குச் சட்டம் உண்டு. மறுக்கப்பட்ட விடுப்புக்கு, படிக்கக் கொடுக்காமல் வாங்கிய கையெழுத்துக்கு, கட்டாயப்படுத்தி வாங்கும் ராஜினாமாவுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழி உண்டு. ‘அவர் கெட்டவர்’ என்று நீங்கள் எழுதினால், ‘இல்லை, கண்டிப்பானவர்’ என்று நிர்வாகம் பதில் எழுதும். அத்தோடு விவாதம் முடிந்துவிடும். ‘இன்ன தேதியில் மாலை 5.30 மணிக்கு என்னைப் பஞ்ச் செய்யச் சொல்லிவிட்டு 7.45 வரை வேலை வாங்கினார். அன்று இரவு 7.40 மணிக்கு நான் அனுப்பிய ரிப்போர்ட் மெயிலைப் பாருங்கள்’ என்று எழுதினால் அதற்கு ஒரு பதிலைத் தேட வேண்டியவர்கள் அவர்கள். நிர்வாகத் தரப்பிலும் நான் ஆஜராகியிருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்: ஆத்திரத்தோடு எழுதிய பத்துப் பக்கப் புகாரைக் கண்டு எந்த மனிதவளத் துறையும் அஞ்சியதில்லை, தேதியும் நேரமும் போட்ட அரைப் பக்கம் வந்தால்தான் அவர்கள் எங்களுக்குப் போன் செய்வார்கள்.

நாளையிலிருந்து போகாமல் இருந்தால்?

தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். இப்போது உங்கள்மீது இருப்பது தெளிவில்லாத ஒரு மெமோ மட்டுமே. சொல்லாமல் நின்றுவிட்டால், ‘முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வராமை’ என்ற தெளிவான குற்றச்சாட்டை நீங்களே கையில் எடுத்துக் கொடுத்தது போலாகும். பணிக்கு வரவில்லை என்பதற்காக விசாரணையின்றி ஒருவரின் பெயரை நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது; எட்டு நாளுக்கு மேல் வரவில்லையென்றால் வேலை தானாகவே போய்விடும் என்று நிறுவனத்தின் பணிவிதிகளில் (நிலையாணை) இருந்த வழக்கிலேயே அப்படிச் சொன்னது. ஆயினும் அந்தப் பாதுகாப்பு வழக்கு நடத்தி வெல்பவர்களுக்கு ஆண்டுகள் கழித்துக் கிடைப்பது. அடுத்த மாதம் கட்ட வேண்டிய தவணைக்கு அது உதவாது.

தூக்கமின்மையும் வயிற்றுப் பிசைவும் உண்மையான நோய்க்குறிகள். 21,000 ரூபாய் வரம்புக்குள் உங்கள் சம்பளம் இருப்பதால் நீங்கள் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருப்பீர்கள்; அந்த மருத்துவரிடம் சென்று நடப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஓய்வு தேவை என்று அவர் சான்றளித்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் நோய்க்காலப் பயனாகக் கிடைக்கும். அந்தப் பயனைப் பெறும் காலத்தில் உங்களை நீக்கவோ தண்டிக்கவோ முதலாளிக்கு அதிகாரம் இல்லை. இப்படி எடுக்கும் விடுப்பு சட்டத்தின் நிழலில் எடுக்கும் விடுப்பு. சொல்லாமல் நிற்பது வெயிலில் நிற்பது. நள்ளிரவில் மனம் மிகவும் கனத்துப்போனால் 14416 என்ற அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

‘எக்சிகியூட்டிவ்’ என்ற பட்டம்

பதவியின் பெயரில் ‘எக்சிகியூட்டிவ்’ என்று இருப்பதால் தொழிலாளர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்று ஹெச்.ஆர். அலுவலர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் பலரும் நம்புகிறார்கள். பல நிறுவனங்கள் இந்த நம்பிக்கைக்காகவே அப்படிப் பெயர் வைக்கின்றன என்பது என் சந்தேகம். சட்டம் பட்டத்தைப் பார்ப்பதில்லை, கை செய்யும் வேலையைப் பார்க்கிறது. மாதிரி எடுத்துத் தடிமன் அளந்து, அச்சின் நிறம் ஒப்பிட்டு, படிவத்தில் பதிவதுதான் முதன்மையான வேலை என்றால் அது தொழில்நுட்பப் பணி. அதைச் செய்பவருக்குச் சம்பள உச்சவரம்பு எதுவும் இல்லாமல் தொழிலுறவுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

ஆனால் உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. ‘என் கீழே ஒப்பந்தத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்’ என்கிறீர்கள். மேற்பார்வைப் பணி செய்பவருக்கு மட்டும் உச்சவரம்பு உண்டு. பழைய 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் அது மாதம் 10,000 ரூபாய். அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் 18,000 ரூபாய். நீங்கள் மேற்பார்வையாளர் என்று அவர்கள் நிறுவிவிட்டால், உங்கள் ஊதியத்தைச் சட்டம் எந்த முறையில் கணக்கிடுகிறது என்பதைப் பொறுத்து அந்தப் பாதுகாப்புக்கு வெளியே போய்விட வாய்ப்பிருக்கிறது. ஆகவே இதைச் சிந்தித்துப் பாருங்கள்: அந்த இரு பெண்களுக்கு விடுப்பு அனுமதிப்பது யார்? வேலையைப் பிரித்துக் கொடுப்பது யார்? தவறு செய்தால் எச்சரிக்கைக் கடிதம் யார் கையெழுத்தில் போகிறது? மூன்றுக்கும் விடை ஒப்பந்தக்காரரோ மேலாளரோ என்றால், உடன் வேலை செய்பவர்களுக்கு வழிகாட்டுவதால் மட்டும் நீங்கள் மேற்பார்வையாளர் ஆகிவிட மாட்டீர்கள். இனிமேல் மெயில்களில் ‘என் டீம்’, ‘எனக்குக் கீழே உள்ளவர்கள்’ என்று பெருமைக்காகவும் எழுதாதீர்கள்.

ஒரே வரியில் நீங்கள் கடந்துபோன விஷயம்

ஏழாம் பக்கத்தில், ‘இரவு பத்து மணிக்குக்கூடப் போன் செய்கிறார், வேலையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே விடுப்பு விண்ணப்பத்துக்குத் தாவிவிட்டீர்கள். அந்த வரியை நான் நான்கு முறை படித்தேன். வேலையைத் தவிர என்ன பேசினார் என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பேச்சில் பாலியல் சாயல் இருந்திருந்தால், அது விரும்பத்தகாதது என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், நீங்கள் பிடி கொடுக்காததற்குப் பின்புதான் விடுப்பு மறுப்பும் மெமோவும் தொடங்கின என்றால், உங்கள் வழக்கின் முகமே மாறிவிடுகிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், தொடுதலை மட்டும் குற்றமாகச் சொல்லவில்லை. விரும்பத்தகாத பாலியல் பேச்சும் அதில் அடங்கும். அதோடு சேர்ந்து வரும் வேலை பற்றிய மிரட்டலும், பகைமையான வேலைச் சூழலை உண்டாக்குவதும் அடங்கும். பத்து பேருக்குக் குறையாத ஒவ்வொரு நிறுவனத்திலும் இத்தகைய புகாரை விசாரிக்கும் உள் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் மூத்த பதவியில் உள்ள பெண்ணாக, உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்களாக, ஒருவர் வெளியாளாக இருக்க வேண்டும். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை நடக்கும்போது உங்களையோ அவரையோ வேறு பிரிவுக்கு மாற்றும்படியும், உங்களுக்கு மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்புத் தரும்படியும் நீங்கள் எழுத்தில் கேட்கலாம். பெயரும் புகாரின் உள்ளடக்கமும் வெளியே போகக் கூடாது என்பதும் சட்டம்தான்.

இதில் இரண்டு எச்சரிக்கை. அப்படி எதுவும் இல்லை, வீட்டுக் கதையும் ஊர்க் கதையும் பேசுகிற ஆள் என்றால், மற்ற குறைகளுக்கு வலுச் சேர்ப்பதற்காக இந்தச் சட்டத்தை இழுக்காதீர்கள். அது உங்கள் உண்மையான குறைகளின் நம்பகத்தையும் கெடுத்துவிடும். மாறாக, உண்மையாகவே நடந்திருந்து, சாட்சி இல்லையே என்ற பயத்தில் மட்டும் தயங்குகிறீர்கள் என்றால், அந்தத் தயக்கம் வேண்டாம். நிரூபிக்க முடியாமல் போன புகார் வேறு, பொய்யென்று தெரிந்தே கொடுத்த புகார் வேறு என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. அழைப்பு வந்த தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் உங்கள் கைபேசியில் இருக்கும்; பழையவை அழிவதற்கு முன் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ரெகார்டு செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்களே ஒரு தரப்பாக இருக்கும் உரையாடலின் பதிவைச் சான்றாக ஏற்க நீதிமன்றங்கள் பொதுவாக மறுப்பதில்லை. 2023ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழும், பதிவான அதே கருவியும் கைவசம் இருக்க வேண்டும். ஆனால் தொழிற்கூடத்துக்குள் கைபேசிக்குத் தடை இருந்தால், அங்கே பதிவு செய்வதே இன்னொரு மெமோவுக்குக் காரணமாகலாம். வீட்டில் இருக்கும்போது அவராக அழைத்துப் பேசுவதைப் பதிவதில் அந்தச் சிக்கல் இல்லை.

மெமோவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது

அன்றைக்கே பதில் எழுதியிருக்கலாம். பரவாயில்லை, மூன்று வாரம் பெரிய தாமதம் அல்ல. கையெழுத்திட்ட தாளில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு முழுதும் தெரியாது என்கிறீர்கள். மலையாளம் சரளமாகப் பேசுவீர்கள், ஆனால் தமிழ்வழியில் படித்ததால் கையெழுத்தில் எழுதியதைப் படிக்க வராது. நம் பக்கத்தில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். வெளியில் இருப்பவர்களுக்குத்தான் இது வியப்பாக இருக்கும். நான்கே வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன தேதியில் மலையாளத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்திடச் சொன்னார்கள்; அந்த எழுத்தைப் படிக்க எனக்குத் தெரியாது; உள்ளடக்கத்தை எனக்குப் படித்துக் காட்டவில்லை; அதன் நகலை எனக்குப் புரியும் மொழியில் தந்தால் என் விளக்கத்தை அளிக்கிறேன். அவ்வளவு போதும். நிறுவனத்தின் கடிதப் போக்குவரத்து ஆங்கிலம் என்றால் எளிய ஆங்கிலத்தில் எழுதி, தமிழ்ப் படியையும் இணையுங்கள். மேலாளரிடம் கையில் கொடுக்காமல் ஹெச்.ஆருக்கும் ஆலைத் தலைவருக்கும் மெயிலில் அனுப்பி, ‘அனுப்பியவை’ பக்கத்தை உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த லாட் விஷயத்தில் உங்கள் பங்கையும் நேர்மையாகப் பாருங்கள். முதல் மாதிரியில் பிழையைக் கண்டு வாய்மொழியாகச் சொன்னேன், அவர்தான் ‘ஓட்டு’ என்றார் என்கிறீர்கள். வாய்மொழியாக என்பதுதான் இடறல். வாடிக்கையாளர் திருப்பியனுப்பிய சரக்குக்கு அவரும் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர். அந்தப் பளு அடுத்த படிக்கு, அதாவது உங்கள் தலைக்கு, இறங்கியிருக்கிறது. இனி அவர் வாயால் இடும் ஒவ்வொரு முக்கிய உத்தரவையும் ‘நீங்கள் சொன்னபடி இந்த லாட்டை அனுப்புகிறேன்’ என்று ஒரு வரி மெயிலாக்கிவிடுங்கள். சில மேலாளர்களின் குரல் இதிலேயே பாதி இறங்கிவிடும்.

இனி வரும் மெமோ எதையும் வாங்க மறுக்காதீர்கள். ‘பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ராஜினாமாத் தாளில் மட்டும் எந்த வடிவத்திலும் கையெழுத்து வேண்டாம். ஒரு வேளை வற்புறுத்தலில் போட்டுவிட்டால், அன்று மாலையே திரும்பப் பெறுவதாக மெயில் அனுப்புங்கள். இனி வரும் ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்த ராஜினாமா நடைமுறைக்கு வருவதற்கு முன் அதைத் திரும்பப் பெறலாம் என்பது 1978 முதல் நிலைபெற்ற சட்டம்.

எந்த அலுவலகம், எந்த மொழி

தலைமையகம் கோயம்புத்தூரில் இருப்பதாலும் சம்பளம் அங்கிருந்து வருவதாலும் அங்கே புகார் கொடுக்கச் சொல்கிறார் உங்கள் மாமா. வேண்டாம். நீங்கள் வேலை செய்யும் ஆலை கஞ்சிக்கோட்டில் இருக்கிறது. எனவே பாலக்காடு மாவட்டத் தொழிலாளர் அலுவலகம்தான் உங்கள் இடம். அதற்கும் முன்பு ஆலையிலேயே குறைதீர் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். இருபது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில் அது இருக்க வேண்டும் என்று பழைய சட்டமும் சொன்னது, புதிய தொகுப்பும் சொல்கிறது. பஞ்ச் செய்த பிறகு வாங்கிய வேலையையும் மறுத்த விடுப்புகளையும் அங்கே எழுத்தில் வையுங்கள். வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது தொழிற்சாலைச் சட்டம் வந்த 1948 முதல் இருக்கும் விதி. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று நீங்கள் தலைப்பிட வேண்டியதில்லை. நடந்தது சரியாக எழுதப்பட்டிருந்தால் போதும்.

‘மலையாளத்தில் எழுத வராது, அதனால் புகாரே எடுக்க மாட்டார்கள்’ என்று எழுதியிருப்பதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. ஒன்றிய, மாநில அதிகாரிகளிடம் குறைகளைத் தெரிவிக்க, ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியையும் பயன்படுத்தலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆவது உறுப்பு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைகளுக்கும், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதலாம், அதே மொழியில் பதிலும் பெறலாம் என்கிறது. தமிழில் எழுதுங்கள். வாங்கும் எழுத்தர் முகம் சுளித்தால், அடியில் மலையாளத்தில் இரண்டு வரிச் சுருக்கத்தைத் தெரிந்தவரை விட்டு எழுதி வாங்கி, வரவு முத்திரையோடு நகலைக் கேளுங்கள்.

விலகுவதாகவே முடிவு செய்தால்

அதுவும் தோல்வி அல்ல. ஆனால் நாள் பார்த்து விலகுங்கள். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து ஆண்டு நிறைவாக வேண்டும். உங்கள் அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கு 7,500. ஐந்தாண்டுக்கு 37,500 ரூபாய். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை நண்பர் அனுப்பியிருக்கிறார். அது நல்ல வாதம்தான். ஆனால் உங்கள் ஆலை மாநில எல்லையான வாளையாறுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிறது. சென்னைத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. அதை நம்பி ஐந்தாண்டு நிறையும் முன்பே விலகினால் 37,500 ரூபாய்க்காக ஒரு வழக்கு நடத்த வேண்டிவரும். இன்னும் ஐந்து மாதம். மருத்துவ விடுப்பும் இந்தச் சேவைக்காலத்தில் சேரும். முன்னறிவிப்புக் காலமும் சேரும், ஆகவே ராஜினாமாவில் குறிக்கும் கடைசி நாள் ஐந்தாண்டைத் தாண்டியிருந்தால் போதும்.

இடையில் உங்களை அவர்களே நீக்கினால், கையில் ஆணை வந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு உடனே மாவட்டத் தொழிலாளர் அலுவலரிடம் சமரச மனு கொடுங்கள். 45 நாளில் தீராவிட்டால் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நீக்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டைத் தாண்டவிடக் கூடாது. அப்போது நியமன ஆணை, கடைசி ஓராண்டுச் சம்பளச் சீட்டுகள், மெமோ, நீங்கள் அனுப்பிய மெயில்கள் ஆகியவை கம்பெனிக் கணினியில் மட்டும் இருந்தால் பயனில்லை; நீக்கிய அன்றே உள்நுழைவை நிறுத்திவிடுவார்கள். அவற்றை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அச்செடுத்து வீட்டில் வைத்துவிட்டு, திங்களன்று மெமோவுக்கான அந்த நான்கு வரிக் கடிதத்தை அனுப்புங்கள்.